துணியைத் திருப்பிப் பார்

பட்டுப்புடவை எடுக்கக் கடைக்குப் போனால் வீட்டுப் பெரியவர்கள் முந்தானையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். கடைக்காரர் முன்பக்கத்தை உதறி உதறி விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்; அவர்கள் விரல் பின்பக்கத்துச் சரிகையைத் தடவிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக இழை கோத்து நெய்ததா, அகலம் முழுக்கச் சரிகையை ஓடவிட்டுப் பின்னால் கத்தரித்ததா என்பது அங்கேதான் தெரியும். நீளமாகத் தொங்கும் இழை நாளைக்கு வளையலில் மாட்டி இழுக்கும் என்பதும் அங்கேதான் தெரியும். நான் செய்வது பின்னல், சாயம், ஒட்டுத்துணிப் போர்வை, ஊசி அலங்காரம் என்று நாலு வேலை. நாலையும் நான் கற்றது அந்தப் பெரியவர்களின் வழியில், துணியைத் திருப்பிப் பார்த்துத்தான்.

"ஒண்ணை ஒழுங்கா கத்துக்கிட்டா போதாதா, எதுக்கு நாலையும் இழுத்துப் போட்டுக்கறே?" என்று கேட்காத உறவினர் இல்லை. ஒரு வேலையின் பின்பக்கத்தில் கிடைக்கிற விடை இன்னொரு வேலையின் முன்பக்கச் சிக்கலை அவிழ்க்கிறது என்பதே என் பதில். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பின்னலில் தொடங்குகிறேன். கோவை வெயிலில் உட்கார்ந்து பின்னல் ஊசி பிடிக்கிறவளைப் பார்த்தால் சிரிப்பு வருவது நியாயம். நான் பின்னுவது பெரும்பாலும் பருத்தி நூலில்: பை, குழந்தைச் சட்டை, மேசைவிரிப்பு. ஆனால் பின்னல் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது திருப்பூர் பனியன். அங்கே 'சிங்கிள் ஜெர்சி' என்று சொல்லும் துணியை ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். பின்பக்கத்தில் பிறை பிறையாக வளைவுகள். பார்க்க இரண்டு வேலைப்பாடு. இருப்பது ஒரே கண்ணி. ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியைப் பின்னாலிருந்து முன்னால் இழுக்கும்போது என் கண்ணுக்கு 'வி' தெரிகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பிறை தெரிகிறது. பின்னல் பாடங்களில் 'நிட்', 'பர்ல்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது இந்த ஒன்றைத்தான். இது பிடிபட்ட பிறகு எந்த வடிவத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் கண்ணி எந்தப் பக்கம் முகம் காட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி.

பனியன் துணியை வெட்டினால் சுருளுவதற்கான காரணமும் இங்கேயே இருக்கிறது. கண்ணியில் வளைக்கப்பட்ட நூல் எப்போதும் நிமிரப் பார்க்கும். எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் முகம் காட்டினால் அந்த இழுப்புக்கு எதிரிழுப்பு இல்லை. ஆகவே பனியனின் பக்கவாட்டை வெட்டினால் விளிம்பு பின்பக்கமாகச் சுருளும். கீழ்முனையை வெட்டினால் முன்பக்கமாகச் சுருளும். கழுத்துக்கும் கைமுனைக்கும் 'ரிப்' வைப்பது இதனால்தான். செங்குத்தாக ஒரு கண்ணிவரி முன்னால், அடுத்த வரி பின்னால் என்று மாறி மாறி வரும்போது இழுப்புகள் ஒன்றையொன்று அடக்கிக்கொள்கின்றன. துணி தட்டையாகக் கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் ஒடுங்குகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் வில்லியம் லீ 1589-இல் செய்த பின்னல் பொறி போட்டதும் இந்தக் கண்ணியைத்தான். திருப்பூரில் இரவும் பகலும் சுற்றுகிற எந்திரங்கள் போடுவதும் இதைத்தான்.

இரண்டு நிறத்தில் பின்னும்போது பின்பக்கத்தின் அதிகாரம் இன்னும் கூடும். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் ஃபேர் ஐல் பின்னலில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறங்கள். ஒன்று முன்னால் வேலை செய்யும்போது மற்றது பின்னால் காத்துக்கொண்டே கூட வரும். அப்படிப் பின்னால் ஓடும் நூலை இறுக்கினால் முன்பக்கம் சுருங்கிக் கூம்பிவிடும். தளர்த்தினால் சட்டைக்குள் கைவிடும்போது விரல் மாட்டும். ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரல்நுனியால் நன்றாகப் பரப்பிவிட்டு, அதற்குப் பிறகே அடுத்த நிறத்தை எடுக்க வேண்டும். அந்த ஊர்க் குளிருக்கு இந்த இரட்டை நூல் வரம்: துணி இரண்டு அடுக்காகிறது, கதகதப்பு கூடுகிறது. நம் ஊருக்கு அதே காரணத்தால் அது ஆகாது. அதனால் நான் பருத்தியில் பட்டைக் கோடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வரிசைக்கு ஒரே நிறம், பின்னால் ஓடுவதற்கு எதுவும் இல்லை. பருத்திக்குக் கம்பளியின் துள்ளலும் கிடையாது. தொங்கவிட்டால் தன் எடைக்குத் தானே நீளும். ஆகவே மாதிரித் துண்டு ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகு 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணினால்தான் அளவு பொய் சொல்லாது.

இதே கண்ணியை நான் அடுத்துச் சந்தித்தது ஆரி வேலையில். கல்யாணப் பிளவுஸ் என்றால் ஆரி ஒர்க் என்று ஆகிவிட்ட காலம் இது. அந்தப் பெயர்ப்பலகை இல்லாத கடைவீதி குறைவு. சட்டத்தில் துணியை முறுக்காக இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி வைத்த ஊசியை மேலிருந்து குத்த வேண்டும். நூல் துணிக்கு அடியில், இடது கையில் இருக்கும். கொக்கி கீழே போய் நூலைப் பிடித்து, ஒரு கண்ணியை மேலே இழுத்து வரும். அந்தக் கண்ணிக்குள்ளேயே மறுபடி குத்தி அடுத்ததை எடுக்கும். எனக்குச் சொல்லித்தந்தவள் என்னைவிட வயதில் சின்னவள். நான் மேலே கொக்கியையே முறைத்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "மேல என்னக்கா பாக்குறீங்க? அடிக்கை நூல ஊசில சுத்திக் குடுக்குதான்னு பாருங்க. மேல்கை சும்மா போய்ட்டு வர்றதுதான்."

அடிக்கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது, இதுவும் பனியன் கண்ணிதான் என்று. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு அடுத்து வருவது பிடித்துக்கொண்டிருக்கிறது; கடைசிக் கண்ணியைப் பிடிக்க ஆளில்லை. பின்பக்கத்தில் அதை முடிச்சிட்டுப் பூட்டாவிட்டால், எங்கோ ஒரு நகம் பட்டாலும் மொத்த வரியும் ஒரே இழுப்பில் வந்துவிடும். முடிவிலிருந்து பிரித்தால் உருவிக்கொண்டு வரும், தொடக்கத்திலிருந்து இழுத்தால் இறுகும். பின்னல் தெரிந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசிமணியும் சமிக்கியும் வைக்கும்போதும் இதே எச்சரிக்கை: நீள வரியாகக் கோத்துக்கொண்டே போகாமல் இடையிடையே பின்பக்கம் பூட்டிக்கொண்டு போனால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அந்தக் கொஞ்சமே உதிரும். ஜர்தோசியில் தைப்பது சுருள் கம்பி. அதன் நுனி உள்பக்கம் தோலைக் குத்தும். லைனிங் வெறும் மரியாதைக்காகக் கொடுப்பதில்லை.

ஊசிவேலையில் பின்பக்கம் சுத்தமாக இருந்தால் நல்ல வேலை என்று ஒரு பேச்சு உண்டு. போட்டிகளில் நடுவர்கள் துணியைத் திருப்பி, நூல் தாவியிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் குறைப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பின்பக்கத்துக்கு ஒரே சட்டம் கிடையாது. ஒவ்வொரு மரபும் அதற்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறது. நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்குளிப் போர்வையில் போடும் வேலையைப் பாருங்கள். வெளிர்நிறப் பருத்தித் துணி, கறுப்பும் சிவப்புமாக நூல். வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் கட்டுவதில்லை. பாவையும் ஊடையையும் கண்ணாலும் விரலாலும் எண்ணியே ஊசி ஓடுகிறது. துணியின் பின்பக்கத்திலிருந்து வேலை செய்கிறார்கள், நூல் சற்றே மேடாக நிற்கும் முரட்டுப் பக்கத்தையே வெளியே தெரிய உடுத்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் தறியில் நெய்தது என்றே நினைப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வேலையில், நடுவர் எந்தப் பக்கத்தைத் திருப்பி மதிப்பெண் போடுவார்?

வங்காளத்துக் காந்தா இன்னொரு கோடி. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு ஒன்றாக்குவார்கள். ஓட்டுத்தையல் மேலே எவ்வளவு தெரிகிறதோ கீழேயும் அவ்வளவே தெரியும். நல்ல காந்தாவில் எது மேல், எது கீழ் என்று சொல்வது கடினம். அந்தத் தையல்தான் துணியில் மெல்லிய அலைகளை எழுப்புவதும். நம் வீடுகளிலும் பாட்டிமார் பழைய நூல்புடவையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரித்தார்கள். பூவேலை இல்லை, பெயரும் இல்லை. தையலின் தர்க்கம் மட்டும் அதேதான்.

ஒட்டுத்துணிப் போர்வைக்கு வந்தால், அதன் பின்பக்கத்தில் நடப்பது முழுக்கக் கணக்கு. பனியன் வேஸ்ட் இதற்கு உதவாது, இழுபடும். தையல்கடை அண்ணன் எடுத்துவைத்துத் தரும் பருத்திப் பிளவுஸ் துண்டுகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வெட்டுகிறேன். இரண்டு துண்டை இணைக்கும் தையலுக்கு ஓரம் கால் அங்குலம். தையல் அதைவிட 16-இல் ஒரு பங்கு அங்குலம் உள்ளே போனால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு துண்டிலும் அவ்வளவு குறையும். ஒரு தையலுக்கு 8-இல் ஒரு பங்கு. அப்படி ஒரு வரிசையில் 8 தையல் வந்தால் முழுதாக 1 அங்குலம் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையில் 5 தையல்தான் என்றால் இரண்டு வரிசையும் ஒருநாளும் பொருந்தாது. முன்பக்கத்தில் எவ்வளவு அழகாக நிறம் சேர்த்திருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது இஸ்திரி. தைத்த ஓரங்களை அடர்நிறத் துணியின் பக்கம் மடக்கி அழுத்த வேண்டும். வெளிர்நிறத்துக்கு அடியில் போனால் நிழலாகத் தெரியும். ஒரு வரிசையில் எல்லா ஓரங்களையும் இடப்பக்கம் அழுத்தினால் அடுத்த வரிசையில் வலப்பக்கம் அழுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டாமல், படியும் படியும் சேர்வது மாதிரி உட்காரும். நாலு சதுரங்களின் முனையும் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். 'முனை எப்படி இவ்வளவு துல்லியமா வருது?' என்று கேட்பவர்களுக்கு நான் போர்வையின் மேற்பாகத்தை மட்டும், பஞ்சு வைத்து மூடுவதற்கு முன்னால், திருப்பிக் காட்டுவேன். விடை அங்கே இஸ்திரி போட்டுக் கிடக்கும்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்று சொல்லும் மரபும் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் பெண்கள் செய்யும் கவந்தி அப்படி. துண்டுகளை முதலில் ஒன்றோடொன்று இணைத்து மேற்பாகம் தயாரிப்பதில்லை. அடித்துணியை விரித்து, விளிம்பில் தொடங்கி, துண்டின் ஓரத்தை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதும் ஒரே வேலை. நாலு மூலையிலும் மடித்த துணியில் 'பூ' வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. இதைப் பார்த்த பிறகு நான் இரண்டு வழியிலும் போர்வை தைக்கிறேன். வடிவம் முன்கூட்டி மனதில் இருந்தால் சதுரமும் அளவுகோலும். துணிகள் தாங்களே பேசட்டும் என்றால் விளிம்பிலிருந்து நடுவுக்கு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவில் உள்ள கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பண்ணையில் உடுத்திக் கிழிந்த காற்சட்டைகளைப் போர்வையாக்கினார்கள். 2002-இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. மிசூரி பெட்வே 1942-இல் தன் இறந்துபோன கணவரின் வேலை உடைகளிலிருந்து தைத்த போர்வையும் அந்தத் தொகுப்பைச் சேர்ந்தது. அந்த ஊரின் பழைய உடைப் போர்வைகளில் நான் தேடிப் பார்ப்பது பை தைத்திருந்த இடத்தை. சுற்றிலும் வெயிலும் சலவையும் தின்று வெளுத்த நீலம். பை பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் முதல் நாள் நீலம் அப்படியே இருக்கும்.

அந்த நீலத்துக்குக் காரணம் சாயம் எங்கே தங்குகிறது என்பது. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புக் காரமும், தகரை விதையை வேகவைத்துப் புளிக்கவிட்ட சாறும் சேர்ந்த தென்னிந்தியத் தொட்டியில் அது தன் நீலத்தை இழந்து, மஞ்சள்பச்சையாகி, கரைகிறது. அதில் முக்கிய துணி வெளியே வரும்போது பச்சை. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. மறுபடி முக்கினால் இன்னொரு பூச்சு. இப்படி ஏறுகிற நீலம் பெரும்பாலும் நூலின் வெளிவட்டத்தோடு நின்றுவிடும். ஜீன்ஸ் நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளை இருக்கும். முழங்காலில் நீலம் தேயத் தேய அந்த வெள்ளைதான் வெளியே வருகிறது. சாயக்காரிக்குப் பின்பக்கம் என்பது துணியின் மறுபுறம் மட்டும் இல்லை, நூலின் உள்ளும்கூட. மதுரைச் சுங்குடியில் முடிச்சுக்குள் ஒளிந்த துணி சாயத்தைத் தொடாமல் புள்ளியாக மிஞ்சுகிறது. முடிச்சின் இறுக்கம்தான் புள்ளியின் கூர்மை.

மற்ற இயற்கைச் சாயங்களில் வேலையின் பெரும்பகுதி நிறம் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். பருத்திக்குப் படிகாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் குறைவு. முதலில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தால் அதன் துவர்ப்பு நூலில் ஒட்டுகிறது, துவர்ப்பைப் படிகாரம் பிடிக்கிறது, படிகாரத்தைச் சாயவேரின் சிவப்பு பிடிக்கிறது. அதே கடுக்காய்த் துணியில், துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீரைத் தடவினால் கறுப்பு. கலம்காரிக்காரர்கள் கடுக்காயோடு எருமைப்பால் சேர்ப்பது, வரையும் கோடு துணியில் பரவாமல் நிற்பதற்காக. இந்த முன்வேலையை அரைகுறையாகச் செய்தாலும் முதல் நாள் நிறம் நன்றாகத்தான் இருக்கும். பத்துத் துவைப்புக்குப் பிறகே சாயம் வெளுக்கும்.

'கெமிக்கல்' சாயத்தை நான் ஒதுக்குவதில்லை. 1956-இல் சந்தைக்கு வந்த புரோசியான் வகைச் சாயங்கள் பருத்தி மூலக்கூறோடு வேதிப்பிணைப்பிலேயே சேர்ந்துவிடுகின்றன. கொதிக்கவைக்க வேண்டியதில்லை, உப்பும் சலவைச் சோடாவும் போதும். சிக்கல் என்னவென்றால், இவை துணியோடு சேர்வது மாதிரியே தண்ணீரோடும் வினைபுரியும். தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம் இனி துணியில் ஒட்டாது. அதைக் கழுவி எடுத்தாக வேண்டும். கழுவிய தண்ணீர் எங்காவது போயாக வேண்டும்.

கொங்கு நாட்டில் அது போன இடம் நொய்யல் ஆறு. சாயக்கழிவு வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குள் அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நீரைத் தேக்கி நின்ற ஆண்டுகள் பல. நாம் உடுத்திய வண்ணங்களுக்கெல்லாம் அந்த ஆறுதான் உள்பக்கம். வீட்டுக் கொல்லையில் ஒரு வாளியில் சாயம் போடுகிறவளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், அளவுதான் சிறியது. அதனால் கண்மதிப்பில் சாயம் அள்ளுவதை விட்டுவிட்டேன். 100 கிராம் துணிக்கு 2 கிராம் என்று தராசில் நிறுத்துப் போடுகிறேன். படிகாரத் தொட்டியை ஒருமுறையோடு கொட்டாமல், குறைந்ததை மட்டும் சேர்த்து மறுபடி பயன்படுத்துகிறேன். இயற்கைச் சாயம் என்ற பெயரில் குரோமியமும் துத்தமும் போட்டுப் பளிச்சென்ற நிறம் எடுப்பதைத் தொடுவதில்லை. அவுரியும் சாயவேரும் புனிதம் என்று நினைத்துக்கொண்டு அவற்றின் கழிவுநீரைப் பார்க்காமல் இருப்பதும் ஒரு வகைக் கண்மூடித்தனம்.

என்னிடம் கற்க வருகிறவர்கள் ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கொடுப்பது தையல் பிரிக்கும் ஊசி ஒன்றும், யாரோ கழித்துப்போட்ட லைனிங் பிளவுஸ் ஒன்றும். துணியின் ஓர் இழையும் அறுபடாமல் அதைப் பிரிக்க வேண்டும். எங்கே ஓரம் விட்டிருக்கிறார்கள், கழுத்துக்குக் கிராஸ் பீஸ் எப்படி வெட்டியிருக்கிறார்கள், ஆரியின் முடிச்சு எங்கே, சாயம் தையலுக்குள் எந்த நிறத்தில் மிஞ்சியிருக்கிறது என்று எல்லாம் அந்த ஒரு பிளவுஸிலேயே கிடைக்கும். சிலர் மறுவாரம் வருவதில்லை. வருகிறவர்கள் எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாலும் சீக்கிரம் கைப்பழக்கம் வந்துவிடுகிறது.

அவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்லித்தருவது விலை போடுவது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது பூவும் மணியும்தான். பேரம் அதற்கு மட்டும் நடக்கும். துவைத்தது, கடுக்காயில் ஊறவைத்தது, ஓரம் அழுத்தியது, முடிச்சுப் பூட்டியது, லைனிங் கொடுத்தது எல்லாம் இலவசமாகப் போய்விடும். அந்த நேரமெல்லாம் பெண்களின் நேரம் என்பதால் யாரும் கணக்குக் கேட்பதும் இல்லை. நான் சீட்டில் அவற்றைத் தனித்தனி வரியாக எழுதிக் கூலி போட்டுக் கொடுக்கிறேன். முதல் தடவை பார்க்கிறவர்கள் புருவம் உயர்த்துவார்கள். "உள்ள யாரு பாக்கப்போறா, அதைக் குறைச்சுக்கலாமே?" என்பார்கள். குறைத்தால் எது எத்தனை துவைப்பில் போகும் என்று சொல்லுவேன். பாதிப் பேர் முழுத் தொகையும் தருகிறார்கள். மீதிப் பேர் வேறு கடைக்குப் போகிறார்கள். இரண்டும் எனக்குச் சம்மதம்தான்.